ஜேட்டிமாவுக்கு மூச்சு வாங்கியபோது

1. பாலத்தில் ஓர் ஊர்வலம்

ஹவுராவிலிருந்து கல்கத்தாவுக்குள் நுழையும் பெரிய பாலத்தின் ஏற்றத்தில், ஒரு மதியம், ஒரு லாரியின் பின்னால் நான் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். போய்க்கொண்டிருந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஸ்கூட்டர் சாய்ந்துவிடாமல் இருக்க இரண்டு கால்களையும் தரையில் தேய்த்துக்கொண்டு வந்தேன். லாரியின் வேகம் அவ்வளவுதான். அதன் பின்பலகையில் சிவப்புப் பெயின்ட்டில் 'ஆபார் தேகா ஹொபே' என்று எழுதியிருந்தது. மீண்டும் சந்திப்போம் என்று அர்த்தம். பிரிந்தால்தானே மீண்டும் சந்திக்க? அந்த எழுத்தை நான் கால் மணி நேரமாக ஒரே தூரத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பின்னால் பஸ், டாக்சி, கார் என்று ஓர் ஊர்வலமே சேர்ந்துவிட்டது. துர்கா பூஜைக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. பூஜை முடிந்து சிலையைக் கரைக்கப் போகும் கூட்டம் அவசரப்பட்டு முன்னாலேயே கிளம்பிவிட்டது என்று யாராவது நினைத்திருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. உரசிக்கொண்டு தாண்டிய ஒரு மினிபஸ்ஸின் கண்டக்டர் தகரத்தைத் தட்டியபடி என்னைப் பார்த்து, "தாதா, லாரிய எறங்கி நடக்கச் சொல்லுங்க, சீக்கிரம் போகும்" என்றான். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த லாரி என் பொறுப்பில் இருப்பது என்று அவர்களுக்குத் தெரியாது, சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை.

ஹவுராவில் ஒரு சின்ன டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் நான் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். மொத்தம் நாலு லாரி. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படிப்பார்கள் என்று நம்பி இதை எழுதுகிறேன். அதனால் என் தகுதியை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். தாத்தா காலத்திலேயே குமாஸ்தா வேலைக்கு இங்கே வந்துவிட்ட குடும்பம். வீடு டாக்குரியாவில். நான் பேசும் தமிழைக் கேட்டு ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள், நான் பேசும் வங்காளத்தைக் கேட்டு இங்குள்ளவர்கள் சிரிப்பார்கள். சுப்பிரமணியன் என்ற பெயரை முழுதாகச் சொல்ல இங்கே யாருக்கும் பொறுமை கிடையாது. மோனி ஆக்கிவிட்டார்கள். தொந்தி மட்டும் எந்த மொழியிலும் மாறாமல் அப்படியே இருக்கிறது. இந்தக் கதையில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

நாலு லாரிகளில் மூத்தது அந்தப் பாலத்தில் நின்ற வண்டி. அதன் பெயர் ஜேட்டிமா. வங்காளத்தில் பெரியம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தவர் அதன் டிரைவர் ஹராதன் தா. தா என்றால் அண்ணன். இந்த நகரத்தில் லாரிகளுக்குப் பதினைந்து வயது வரைதான் அனுமதி. ஜேட்டிமாவுக்கு இன்னும் ஒரு வருடமும் கொஞ்சமும் மிச்சம் இருந்தது. ஹராதன் தா ஓய்வு பெறவும் ஏறக்குறைய அவ்வளவுதான் மிச்சம். "நானும் அவளும் ஒண்ணா எறங்கிடுவோம், மோனி பாபு" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

அன்றைக்கு ஏற்றியிருந்தது பூஜைப் பந்தலுக்கான இரும்புக் குழாய்கள். அதுவும் எங்கள் தெருப் பந்தலுக்கு. பகலில் லாரிகள் நகருக்குள் போக மதியத்தில் கொஞ்ச நேரம்தான் விடுவார்கள். அந்த நேரம் முழுவதும் பாலத்திலேயே கரைந்தது. கடைசியில் ஒரு டிராஃபிக் சார்ஜன்ட் வந்து ஜேட்டிமாவைச் சுற்றிப் பார்த்தார்.

"இது லாரியா, சிலையா?"

"லாரிதான் சார்" என்றேன்.

"சிலைன்னா மாலையாவது போட்டிருப்பேன். திருப்பிக் கொண்டுபோங்க."

2. காக்குவும் மோனி பாபுவும்

எங்கள் முதலாளி ஷர்பானி. பழைய முதலாளியின் மகள். பள்ளிக்கூடப் பையோடு யார்டுக்கு வந்த காலத்திலிருந்து அவளுக்கு நான் காக்கு, அதாவது சித்தப்பா. இப்போது கம்பெனியை அவள்தான் நடத்துகிறாள், நன்றாகவே நடத்துகிறாள். அவள் காக்கு என்று ஆரம்பித்தால் டீ வரும். மோனி பாபு என்று ஆரம்பித்தால் நின்றுகொண்டே கேட்பது நல்லது.

"மோனி பாபு" என்றாள்.

நான் நின்றுகொண்டேன்.

"பாலத்துல நம்ம வண்டி நிக்கிற படம் எனக்கு மூணு பேர் அனுப்பியிருக்காங்க. ஒருத்தர் நம்ம கஸ்டமர்."

"சின்னக் கோளாறுதான். பார்த்துடறேன்."

"ஒரு வாரமா இதையே சொல்றீங்க. சமதரையிலயே இழுக்கலைன்னு ஹராதன் தா சொன்னப்பவும் சின்னக் கோளாறு. இன்னிக்குப் பாலத்த அடைச்சதும் சின்னக் கோளாறு. பெரிய கோளாறுன்னா என்ன பண்ணும், கங்கையில குதிக்குமா?"

கல்கத்தாவில் ஹூக்ளி நதியைக் கங்கை என்றுதான் சொல்வோம். நான் கங்கையைப் பற்றி யோசித்துக்கொண்டு நின்றேன்.

"சனிக்கிழமை பழைய வண்டி எடுக்கிற ஆள் வரார். அதுக்குள்ள அவ பாலம் ஏறினா சரி. இல்லைன்னா குடுத்துடலாம். ஒரு வருஷத்துக்காக இஞ்சின் பிரிச்சு வேலை பார்க்க என்னால முடியாது."

"ஹராதன் தா?"

அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "மத்த மூணு வண்டிக்கும் டிரைவர் இருக்காங்க காக்கு. அவர நான் அனுப்ப மாட்டேன். கேட்ல உக்காரட்டும். வர்ற போற வண்டியப் பார்த்துக்கட்டும்."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே கேட் பக்கத்தில் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் ஸ்டூல் வந்துவிட்டது. முப்பது வருடத்துக்கு மேல் ஸ்டியரிங் பிடித்த மனிதர் அந்த ஸ்டூலைக் கடந்து போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதை நான் பார்த்தேன். ஒரு தரம் மாடு ஒன்று வந்து அதை முட்டித் தள்ளியது. மாட்டுக்கு அவர் பிஸ்கட் வாங்கிப் போட்டார்.

3. ஒரு ஸ்பேனர் செய்த பாவம்

வண்டி எதனால் இழுக்கவில்லை என்பதில் ஹராதன் தாவுக்குச் சந்தேகமே கிடையாது. காரணம் எங்கள் மெக்கானிக் செல்வராசு.

செல்வராசு சங்ககிரிக்காரர். லாரி ஊரில் பிறந்து லாரிக்கு அடியில் வளர்ந்த மனிதர். எங்களிடம் வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வங்காளத்தில் அவருக்கு அப்போது தெரிந்தவை டீ, சாப்பாடு, நாளைக்கு என்ற மூன்று சொற்கள்தான். வொர்க்‌ஷாப்பில் அவை போதும்.

அவருக்குத் தெரியாத ஒன்று விஸ்வகர்மா பூஜை. நம் ஊரில் ஆயுத பூஜை நவராத்திரி முடிவில் வரும். இங்கே அதற்கு முன்னாலேயே, செப்டம்பரில், விஸ்வகர்மாவுக்குத் தனிப் பூஜை. ஹவுராவில் அன்றைக்கு ஒரு லேத்தும் ஓடாது, ஒரு சுத்தியலும் தட்டாது. எல்லாரும் மொட்டை மாடியில் பட்டம் விடுவார்கள். லாரிகளைக் கழுவி, மாலை போட்டு, புதுப் பொண்ணு மாதிரி நிறுத்துவார்கள். அன்றைக்குக் கருவியைத் தொடக் கூடாது. செல்வராசு தொட்டுவிட்டார். ஜேட்டிமாவின் மட்கார்டில் ஒரு போல்ட் லூசாக இருப்பதைப் பார்த்து, கை சும்மா இருக்காமல், பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து ஒரு திருகு திருகினார்.

ஹராதன் தா கையில் பிரசாதத் தட்டோடு அதைப் பார்த்துவிட்டார்.

"மோனி பாபு, உங்க ஊர்க்காரர் என்ன பண்றார் பாருங்க. பிஸ்வகர்மா தூங்கற நேரத்துல மூக்கப் பிடிச்சுத் திருகறார்."

நான் மொழிபெயர்த்தேன். செல்வராசு அசரவில்லை.

"ஏனுங் சார், லூசா இருந்துச்சுங்க, டைட் பண்ணுனேன். இதுக்குப் போயி சாமி கோவிச்சுக்குமுங்களா? எங்கூர்ல ஆயுத பூசைக்கு இன்னும் நாளு கெடக்குதுன்னு சொல்லுங் அவருகிட்ட."

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. இரண்டு பக்கமும் தெரிந்தவனுக்கு எதைச் சொல்லாமல் விடுவது என்பதுதான் முக்கியமான வேலை.

மறுநாளிலிருந்து ஜேட்டிமா இழுக்கவில்லை. ஹராதன் தாவுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. செல்வராசு கேபினுக்குள் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். செல்வராசுக்கும் ரோஷம். "அவரு கேபினு அவருக்குங்க. எனக்கு இஞ்சின் போதும்" என்று சொல்லிவிட்டார்.

எங்களுக்கும் அந்தக் கேபினுக்குள் போக ஒரு சட்டம் இருந்தது. செருப்பு, ஷூ எதுவும் உள்ளே கூடாது. டாஷ்போர்டில் காளி படம், விஸ்வகர்மா படம், ஊதுவத்தி ஸ்டாண்டு. ஹராதன் தாவே வெறுங்காலோடுதான் ஓட்டுவார். விஸ்வகர்மா பூஜைக்காகக் கேபினைப் புதிதாக வேறு அலங்கரித்திருந்தார். சீட்டுக்குக் கவர், ஜன்னலுக்குக் குஞ்சம், தரைக்குச் சிவப்புக் கம்பளம். கரியாஹாட்டில் கல்யாணப் பந்தல் போடும் ஒருவரிடம் மிச்சத் துண்டாக வாங்கியது. வெளியிலிருந்து பார்த்தால் மாப்பிள்ளை வந்து உட்கார வேண்டிய இடம் போல இருக்கும்.

எனக்கோ கம்பெனி கொடுத்த சேஃப்டி ஷூ. கணுக்கால் வரை கயிறு. அதைக் கழற்ற வேண்டுமென்றால் குனிய வேண்டும், குனிந்தால் தொந்தி வழி மறிக்கும். காலையில் வீட்டில் அதைப் போடுவதே ஒரு நாளுக்குப் போதுமான தேகப்பயிற்சி. அதனால் ஜேட்டிமாவோடு போக வேண்டிய இடத்துக்கெல்லாம் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். எக்ஸாஸ்ட் புகையைக் கவனிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். கேட்பவர்களும் நம்பினார்கள்.

4. செலவில்லாததிலிருந்து

வண்டி இழுக்கவில்லை என்றால் உடனே பம்ப்பைப் பிரிக்கத் தோன்றும். டர்போ போய்விட்டது என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். நானும் செல்வராசும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனோம்: செலவில்லாததிலிருந்து ஆரம்பிப்பது. இஞ்சினுக்குக் காற்று வேண்டும், டீசல் வேண்டும். சக்கரத்தை எதுவும் பிடித்து வைத்திருக்கக் கூடாது. இந்த மூன்றும் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போகக் கூடாது.

முதலில் ஏர் ஃபில்டர். கழற்றித் தட்டினால் ஹவுராவின் பாதித் தூசி அதில் இருந்தது. "போனவாட்டி எப்பங் சார் மாத்துனது?" என்று செல்வராசு கேட்டார். நான் தூரத்தில் பறந்த பட்டத்தைப் பார்த்தேன். புதியது போட்டோம். ஜேட்டிமா கொஞ்சம் இளகினாள்.

அடுத்து டீசல் ஃபில்டர். அதற்கு முன்னால் தண்ணீர் தங்கும் கிண்ணம் ஒன்று உண்டு. அடியில் உள்ள திருகைத் திறந்தால் டீசலோடு கலந்த தண்ணீர் கீழே இறங்கிவிடும். தினமும் செய்ய வேண்டிய வேலை. திறந்தோம், ஒரு டம்ளர் தண்ணீர் வந்தது. ஃபில்டரையும் மாற்றி, லைனில் இருந்த காற்றைப் பம்ப் அடித்து வெளியேற்றினோம். மீண்டும் கொஞ்சம் இளகினாள்.

பிறகு பிரேக். கொஞ்ச தூரம் ஓட்டி வந்ததும் ஒவ்வொரு சக்கரத்தின் டிரம்மையும் கையால் தொட்டுப் பார்த்தோம். எங்கேயாவது பிடித்தால் அது மட்டும் கொதிக்கும். பின்னால் இடது பக்கம் கொதித்தது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், தொட்டது நான். செல்வராசு அட்ஜஸ்ட் செய்தார், நான் விரலை ஊதிக்கொண்டிருந்தேன். டயரில் காற்று பார்த்தோம். டர்போ ஹோஸில் சோப்புத் தண்ணீர் தடவி ஒழுக்கு இருக்கிறதா என்று பார்த்தோம், இல்லை. வால்வு கிளியரன்ஸ் பார்த்தோம். கிளட்ச் வழுக்கினால் இஞ்சின் சத்தம் ஏறும், வண்டி ஏறாது. இங்கே சத்தமும் ஏறவில்லை. கறுப்புப் புகையும் இல்லை. கறுப்புப் புகை வந்தால் காற்றுப் பற்றாக்குறை என்று வைத்துக்கொள்ளலாம். புகையே இல்லாமல் சோம்பல் என்றால் டீசல் போதவில்லை.

ஆனால் டீசல் போய்க்கொண்டுதான் இருந்தது. செல்வராசு பானெட்டைத் திறந்து, பம்ப்பில் இருக்கும் ஆக்சிலரேட்டர் லீவரைக் கையால் இழுப்பார். ஜேட்டிமா உறுமுவாள். யார்டில் தூங்கும் நாய்கள் எழுந்து இடம் மாறும்.

"பாருங் சார், சிங்கமாட்ட இருக்குது. இதுல என்னங் கோளாறு?"

வெள்ளிக்கிழமை பாதி லோடோடு ஒரு தரம் பாலத்துக்கு அனுப்பினோம். முன்னைக்குப் பரவாயில்லை. முன்பு நடந்தவள் இப்போது வேகமாக நடந்தாள். பாதி ஏற்றத்தில் ஹராதன் தா ஃபோன் செய்தார்.

"மோனி பாபு, முதல் கியர் வரைக்கும் எறக்கிட்டேன். கால முழுசா அமுக்கிட்டேன். இதுக்கு மேல அவ கையில இல்ல."

"முழுசா அமுக்கினீங்களா?"

"தரை தட்டுது. இதுக்கு மேல அமுக்கினா ரோட்டுலதான் கால் வைக்கணும்."

அன்று வீட்டில் என் மனைவி கோமதி சாதம் போட்டுக்கொண்டே, "பந்தலுக்கு இரும்பு எப்ப வரும்னு கமிட்டிக்காரா நாலு தடவை வந்து கேட்டுட்டா" என்றாள். வரும் என்றேன். எதில் வரும் என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குத் தயிர் கேட்டேன்.

5. மழைக்கு நன்றி

சனிக்கிழமை விடிந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. மழை வந்தால் எங்கள் ஹவுரா சந்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். பழைய வண்டி எடுக்கிறவர், தண்ணீர் வடிந்ததும் வருகிறேன் என்று சொல்லியிருந்தார். ஜேட்டிமாவுக்கு வாய்தா வாங்கிக் கொடுத்தது கார்ப்பரேஷன் சாக்கடை. அதைத் திட்டுவதை அன்றோடு குறைத்துக்கொண்டேன்.

சந்து முனையில் ஒரு கடைப் படியில் உட்கார்ந்து, பத்து நிமிடம் போராடி ஷூவைக் கழற்றினேன். கயிறு இரண்டையும் முடிச்சுப் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். இந்தக் கோலத்தில் யார்டுக்குள் நுழைந்தபோது செல்வராசு ஒரு டிரம் மேல் ஏறி நின்றிருந்தார். என் கழுத்தைப் பார்த்தார். உடனே பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்கு மரியாதை தெரியும்.

நீல ஸ்டூல் மிதந்துகொண்டிருந்தது.

யார்டில் நனையாத இடம் ஒன்றுதான், ஜேட்டிமாவின் கேபின். ஹராதன் தா உள்ளே, கிளீனர் உட்காரும் பக்கத்து சீட்டில், மடியில் பொரிப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"கால் கழுவிட்டு வாங்க."

கழுவிவிட்டு, டிரைவர் பக்கக் கதவைப் பிடித்து ஏறினேன். தொந்தி முதலில் ஏறியது, நான் பின்னால் போனேன். அது அவருடைய சீட் என்று நகர்ந்து அவர் பக்கம் போகப் பார்த்தேன், அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"அங்கயே உக்காருங்க. வருஷக்கணக்கா இவளப் பார்த்துக்கிறீங்க, ஒரு நாள்கூட இந்த சீட்ல உக்காந்ததில்ல. இன்னிக்கு விட்டா இனிமே எங்க?"

சாதாரணமாகத்தான் சொன்னார். பொரியை நீட்டினார். நான் கிண்டலாக ஏதாவது சொல்ல வேண்டிய இடம் அது. ஒரு பிடி பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். மழை கண்ணாடியில் அடித்தது. அவர் டாஷ்போர்டு தூசியைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். அங்கே தூசி எதுவும் இல்லை.

வெளியே செல்வராசு பானெட்டைத் தட்டினார். "சார், அந்தாளு வந்தா ஓட்டிக் காட்டச் சொல்லுவாரு. பேட்டரி நனைஞ்சிருச்சான்னு பாக்கோணும். ஸ்டார்ட் பண்ணுங்."

சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது. செல்வராசு குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு லீவரைக் கையால் இழுத்தார். ஜேட்டிமா உறுமினாள். இஞ்சின் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள் எழுந்து சிவப்புக் கோட்டை முட்டியது. இத்தனை நாளும் வெளியே நின்று சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவன், முள்ளை அன்றுதான் பார்த்தேன்.

"கேட்டீங்களா சார்? சிங்கம். செரி, நீங்களே ஆக்சிலரேட்டர அமுக்கிப் புடிங்க, நா பெல்ட்டப் பாத்துக்கறேன்."

அமுக்கினேன். முள் பாதிக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிட்டது.

"முழுசா அமுக்குங் சார்."

"முழுசாத்தான்யா அமுக்கறேன்."

"இன்னுங் அமுக்குங்."

"இதுக்கு மேல எங்க அமுக்கறது? தரை தட்டுது."

செல்வராசு குடைக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, என்னை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தார். "உங்க வெயிட்டுக்கே எறங்கலீன்னா வேற ஆருக்குங் சார் எறங்கும்?"

மரியாதை தெரிந்தவர் என்று சற்று முன்புதான் எழுதினேன். போகட்டும். அந்தக் கேள்விதான் என்னைக் குனிய வைத்தது. என் உடம்பு முழுவதும் அந்தப் பெடல் மேல் இருந்தது, பெடல் நின்றுவிட்டது. ஆனால் இரும்புத் தரையில் மோதி நின்றால் கால் கட்டை விரலில் ணங்கென்று தெரியும். இது மெத்தென்று இருந்தது. ஷூ போட்டிருந்தால் எனக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்காது.

தொந்தியை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுக் கையை விட்டுத் தடவினேன். சிவப்புக் கம்பளம் பெடலுக்குப் பின்னால் வரை போயிருந்தது. அதற்கு அடியில் இரண்டு விரல் கனத்துக்கு ஸ்பாஞ்ச்.

"ஹராதன் தா, இது என்ன?"

"கம்பளம்."

"அடியில?"

"குதிகால் வலிக்குதுன்னு என் பொண்டாட்டி பழைய மெத்தையில வெட்டிக் குடுத்தா. பூஜைக்குப் போட்டது."

நான் கம்பளத்தையும் ஸ்பாஞ்சையும் சேர்த்துப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தேன். இரும்புத் தரை தெரிந்தது. அமுக்கினேன். பெடல் கீழே, இன்னும் கீழே போய், ணங்கென்று நின்றது. முள் எழுந்து சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஜேட்டிமாவின் உறுமலில் செல்வராசின் குடை தண்ணீரில் விழுந்தது.

பத்து நாட்களாக ஹராதன் தா காலை முழுதாகத்தான் அமுக்கியிருக்கிறார். மெத்தை வரைக்கும். பாதி டீசலை வைத்துக்கொண்டு அவள் பாலம் ஏறப் பார்த்திருக்கிறாள். நாங்கள் வெளியே நின்று லீவரைக் கையால் இழுத்து, சிங்கம் சிங்கம் என்று ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டிருந்தோம். அந்தப் பெடலைத் தொட்ட ஒரே கால் ஹராதன் தாவுடையது. எங்கள் இருவரில் செல்வராசு கோபத்தால் உள்ளே போகவில்லை. மற்றவர், அதாவது நான், ஷூ கழற்றச் சோம்பல்பட்டுப் போகவில்லை.

ஹராதன் தா கம்பளத்தைப் பார்த்தார். விஸ்வகர்மா படத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நான் சொன்னேன்ல மோனி பாபு, பூஜையிலதான் கோளாறுன்னு."

நான் மொழிபெயர்த்தேன். செல்வராசு குடையைத் தேடிக்கொண்டே, "அப்ப என்ற ஸ்பேனரு நிரபராதிங்களா, கேளுங்" என்றார்.

ஹராதன் தா யோசித்தார். "ஸ்பேனர் தனிக் கேஸ். அத பிஸ்வகர்மா பார்த்துக்குவார்." சொல்லிவிட்டு, மீதிப் பொரியைப் பொட்டலத்தோடு ஜன்னல் வழியாகச் செல்வராசிடம் நீட்டினார். சமாதானம் ஆகிவிட்டது என்று எடுத்துக்கொண்டோம்.

6. மறுபடியும் பாலம்

தண்ணீர் வடிந்ததும் ஷர்பானி வந்தாள், கூடவே பழைய வண்டி எடுக்கிறவரும். நான் கம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் கம்பளத்தையும் என் வெறுங்காலையும் கழுத்தில் தொங்கிய ஷூவையும் வரிசையாகப் பார்த்தாள்.

"மோனி பாபு, பாலம் ஏறினா நம்பறேன்."

முழு லோடு. அதே இரும்புக் குழாய்கள். மதியத்தில் லாரிகளை விடும் நேரத்துக்குச் சரியாகக் கிளம்பினோம். இந்தத் தடவையும் நான் ஸ்கூட்டரில்தான் போனேன். ஈர ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு செல்வராசு பின்னால் உட்கார்ந்திருந்தார். பாலத்தின் ஏற்றம் ஆரம்பிக்கும் இடத்தில் ஹேண்டில்பார் மேல் குனிந்துகொண்டேன். குனிவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். இவள் ஏறாவிட்டால் அந்த ஸ்டூல்.

ஹராதன் தா கியர் மாற்றும் சத்தம் கேட்டது. எக்ஸாஸ்ட்டில் லேசாக ஒரு மூச்சு. பிறகு 'ஆபார் தேகா ஹொபே' மெல்ல எங்களை விட்டு விலக ஆரம்பித்தது. எழுத்து சின்னதாகிக்கொண்டே போனது. நான் ஸ்கூட்டரை முறுக்கினேன். இரண்டு பேர் கனம், அதில் ஒருவர் நான். எட்டவில்லை. ஒரு மினிபஸ்ஸைத் தாண்டி, பாலத்தின் உச்சியைத் தொட்டு, அந்தப் பக்கம் இறங்கி, ஜேட்டிமா கண்ணிலிருந்து மறைந்தாள்.

"போயிருச்சுங் சார்" என்றார் செல்வராசு. என் தோளைப் பிடித்திருந்த அவர் கை அப்போதுதான் தளர்ந்தது.

"ஃபில்டரும் மாத்தி, தண்ணியும் எறக்கி, பிரேக்கும் விட்டாச்சில்லீங்க. கூடப் பெடலும் முழுசா எறங்குது. இப்பத்தான் அவ வயசுக்கு வந்தாப்புல."

அது உண்மைதான். கம்பளத்தை முதல் நாளே எடுத்திருந்தால் வண்டி பழையபடி ஓடியிருக்கும். தூசியையும் தண்ணீரையும் சுமந்துகொண்டே ஓடியிருக்கும். நாங்கள் செய்த எந்தச் சின்ன வேலையும் வீண் போகவில்லை. பார்க்கும் வரிசையில்தான் ஓர் இடம் விட்டுப்போயிருந்தது.

டாக்குரியாவில் பந்தல் இடத்தை நாங்கள் அடைந்தபோது குழாய்கள் பாதி இறங்கியிருந்தன. ஹராதன் தா கேபினில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "எங்க போயிட்டீங்க? டிராஃபிக்கா?" என்று கேட்டார்.

ஃபோன் அடித்தது. ஷர்பானி.

"காக்கு" என்றாள்.

பாதி இறக்கிய குழாய்க் கட்டின் மேல் நான் தாராளமாக உட்கார்ந்துகொண்டேன்.

அந்தக் கம்பளத்தைத் தூக்கிப்போட ஹராதன் தா சம்மதிக்கவில்லை. பூஜையில் வைத்தது. விஸ்வகர்மா படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பெடல் இருக்கும் இடத்தில் மட்டும் கத்தரிக்கோலால் அரைவட்டமாக வெட்டிவிட்டு மறுபடியும் விரித்தார். ஸ்பாஞ்சை எடுத்து, தைத்து, சீட்டில் முதுகுக்கு வைத்துக்கொண்டார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. காற்று, டீசல், பிரேக் எல்லாம் பாருங்கள், அதற்கு முன்னால், புகார் சொல்கிற ஆள் உட்காரும் இடத்தில் நீங்களும் ஒரு தரம் உட்காருங்கள், அவர் எதை மிதிக்கிறாரோ அதை நீங்களும் மிதியுங்கள்.

இப்போது வாரம் ஒரு முறை ஜேட்டிமாவின் கேபினுக்குள் ஏறிப் பார்ப்பது என் வேலை. செல்வராசுக்கும் அனுமதி கிடைத்துவிட்டது, பூஜை நாள் தவிர. ஏறுவதற்கு முன்னால் ஷூ கழற்ற வேண்டுமே என்று, டிரைவர் பக்கக் கதவின் கீழே ஹராதன் தா எனக்கு ஓர் ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறார். கேட் பக்கத்தில் கிடந்த அந்த நீல ஸ்டூலை அவரே தூக்கிக்கொண்டு வந்து போட்டார். நான் அதில் உட்கார்ந்து கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். அவர் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு மேலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

"அவசரமில்ல மோனி பாபு" என்பார். "எனக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு."